கால்நடை ரத்த ஸ்லைடில் கோளாறான வெள்ளையணுவைக் கண்டுபிடித்து எழுதுவது எப்படி

மைக்ராஸ்கோப்பில் விநோதமான ஒரு வெள்ளையணு கண்ணில் பட்டால், என்ன நோய் என்று யோசிப்பதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: இதை விலங்கின் உடம்பு உண்டாக்கியதா, நாம் உண்டாக்கினோமா? தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் கரையில் இந்தக் கேள்விக்கு வேலை அதிகம். காற்றில் ஈரம், போர் தண்ணீரில் உப்பு, வெயிலில் பஸ் ஏறி வரும் ரத்தக் குழாய், இவை மூன்றும் சேர்ந்தால் நல்ல செல்கூடக் கெட்ட செல்லாகத் தெரியும்.

இது லேபில் ஸ்லைடு பார்க்கிறவர்களுக்கும், தன் ஸ்லைடைத் தானே பார்த்துக்கொள்ளும் கால்நடை மருத்துவர்களுக்கும். நாய், மாடு, ஆடு மூன்றுக்கும்தான் இதில் இடம் அதிகம். கோழிக்குச் சில வரிகள் போதும்.

ரத்தம் எடுத்து ஸ்லைடு காயும் வரை

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துள்ள ஊதா மூடி ஈடிடிஏ குழாயில் கோடு வரை ரத்தம் இருக்க வேண்டும். 2 மில்லி குழாயில் அரை மில்லி மட்டும் விட்டால் மருந்து மிகுந்துபோய் செல் சுருங்கும், ஓரம் முள்முள்ளாகும். குழாயை 8, 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். குலுக்கினால் செல் உடையும்.

ஸ்லைடை ஆட்டுக் கிடையிலோ மாட்டுக் கொட்டகையிலோ அங்கேயே இழுத்துவிடுவது உத்தமம். குழாய் ரத்தத்தில் செல்லும் கெட்டுக்கொண்டே வரும். 33, 34 டிகிரி வெப்பத்தில் மூன்று நான்கு மணி நேரம் கிடந்த ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு வகையின் சைட்டோபிளாசத்தில் (செல்லில் கருவைச் சுற்றியுள்ள பகுதி) குமிழ் விழும், கரு மடல்கள் கூடுதலாகப் பிரியும் அல்லது உருண்டு கருத்துப்போகும். மோனோசைட் என்ற இன்னொரு வகையில் குமிழ் இன்னும் சீக்கிரம் வரும். அந்தக் குமிழைப் பார்த்து 'டாக்ஸிக் மாற்றம்' (நோயால் நியூட்ரோபிலில் வரும் மாற்றம்) என்று எழுதுவதுதான் வெளியூர் மாதிரிகளில் அடிக்கடி நடக்கும் தவறு. ரத்தம் எடுத்து ஒரு மணி நேரத்துக்குள் ஸ்லைடு போட்டால் இந்தச் சந்தேகமே வராது. குழாய் ஐஸ் பெட்டியில் வரலாம். ஐஸ்கட்டி நேரடியாகத் தொடக் கூடாது. ஸ்லைடு மட்டும் ஐஸ் பெட்டிக்குள் போகவே கூடாது. வெளியே எடுத்ததும் வேர்த்து, சிவப்பணு கரைந்துவிடும்.

ஸ்லைடின் ஒரு முனையில் 3 முதல் 5 மைக்ரோலிட்டர், அதாவது கடுகைவிடக் கொஞ்சம் பெரிய துளி. தள்ளும் ஸ்லைடை 30 முதல் 45 டிகிரி சாய்வில் வைத்து, துளிக்குப் பின்னோக்கி இழுத்து, ரத்தம் விளிம்பில் பரவியதும் ஒரே ஓட்டத்தில் முன்னே தள்ளுங்கள். அழுத்தம் தேவையில்லை. ரத்தசோகை உள்ள நாய்க்கு ரத்தம் தண்ணீராக ஓடும், அதற்குச் சாய்வைக் கூட்டி வேகமாகத் தள்ள வேண்டும். ரத்தம் கெட்டியாக இருந்தால் சாய்வைக் குறைத்து மெதுவாக. பூச்சு ஸ்லைடில் பாதிக்கு மேல், முக்காலுக்குள் முடிந்து, கடைசியில் இறகு ஓரம்போல மெலிந்து தேய வேண்டும். ஒரு விலங்குக்குக் குறைந்தது இரண்டு ஸ்லைடு. ஒன்றைச் சாயம் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

காய்வதில்தான் கடலோரம் கைவரிசையைக் காட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண்டபத்திலும் பாம்பனிலும் ஸ்லைடு தானாகக் காய நேரம் பிடிக்கும். மெதுவாகக் காயும் பூச்சில் வெள்ளையணு சுருங்கி, கரு கரும்புள்ளிபோலத் திரண்டுவிடும். லிம்போசைட்டா நியூட்ரோபிலா என்றே பிரித்துச் சொல்ல முடியாது. சின்ன மின்விசிறிக்கு முன்னால் பிடியுங்கள், அல்லது ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு முழம் தள்ளி, ஸ்லைடின் அடிப்பக்கமாகக் காட்டுங்கள். மின்சாரம் இல்லையென்றால் கையில் பிடித்து வேகமாக வீசலாம். ஊதக் கூடாது, வாய்க்காற்றிலும் ஈரம் உண்டு.

காய்ந்த ஸ்லைடுக்கு இன்னொரு எதிரி ஈயும் கரப்பானும் எறும்பும். திறந்து வைத்த ஸ்லைடில் ரத்தத்தைத் தின்று வட்டவட்டமாக ஓட்டை போட்டுவிடும். மூடியுள்ள டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஃபார்மலின் பாட்டிலோடு ஒரே பையில் அனுப்பாதீர்கள். கட்டித் துண்டும் ரத்த ஸ்லைடும் ஒன்றாக வந்தால், ஃபார்மலின் ஆவி பட்டு அந்த ஸ்லைடு மொத்தமும் பச்சை கலந்த நீலமாகிவிடும். புது ஸ்லைடுகளும் இந்த ஊர்க் காற்றில் பூத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; மெத்தனால் தொட்ட நூல் பிரியாத துணியால் துடைத்த பிறகே பயன்படுத்துங்கள்.

சாயம், அதைவிட முக்கியமாகத் தண்ணீர்

லீஷ்மன் போடுகிறவர்கள்: காய்ந்த பூச்சை மூடும் அளவு சாயம், 2 நிமிடம். அதிலுள்ள மெத்தனாலே செல்லை நிலைப்படுத்திவிடும். மேலே சாயத்தைப் போல இரண்டு மடங்கு பஃபர் (அமில காரச் சமநிலையை மாறாமல் வைக்கும் கரைசல்), பிஎச் 6.8, கலந்துவிட்டு 8 முதல் 10 நிமிடம். பிறகு பஃபராலேயே அலசி, அடிப்பக்கத்தைத் துடைத்து, நிமிர்த்திக் காய வையுங்கள். ஜியம்சா போடுகிறவர்கள்: மெத்தனாலில் 3 முதல் 5 நிமிடம், பிறகு பத்துக்கு ஒன்றாகக் கலந்த சாயத்தில் 30 முதல் 45 நிமிடம். ரத்த ஒட்டுண்ணிக்காகவே பார்ப்பதானால் பிஎச் 7.2 நல்லது. முக்கி எடுக்கும் மூன்று பாட்டில் விரைவுச் சாயம் அவசரத்துக்குச் சரி, டிஸ்டெம்பர் என்ற நாய் வைரஸ் நோயின் உருண்டைகளை நன்றாகவே காட்டும். ஆனால் பேசோபிலின் துகளும் மாஸ்ட் செல்லின் துகளும் அதில் சரியாகப் பிடிக்காமல் போகலாம். 'பேசோபில் இல்லை' என்று எழுதும்போது எந்தச் சாயம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

போர் தண்ணீரில் சாயம் கலக்கவோ அலசவோ வேண்டாம். காரத்தன்மை உள்ள உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் நீலமாக்கும். சைட்டோபிளாசம் நீலமாக இருப்பது டாக்ஸிக் மாற்றத்துக்கும் தூண்டப்பட்ட லிம்போசைட்டுக்கும் அடையாளம். தண்ணீரே அந்த நீலத்தைக் கொடுத்தால் ஊரில் உள்ள எல்லா ஆடும் நோயாளிதான். வாலை வடி நீரில் பஃபர் மாத்திரை கரைத்து வைத்துக்கொள்வது பெரிய செலவில்லை. பேட்டரிக்கு ஊற்றும் தண்ணீரானாலும் பஃபர் மாத்திரை இல்லாமல் நம்பாதீர்கள்.

மெத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய மெத்தனாலில் போட்ட ஸ்லைடில் சிவப்பணுக்களுக்குள் பளபளவென்று ஓட்டைகள் தெரியும்; ஃபோகஸைத் திருப்பினால் மின்னும். பெரிய பாட்டிலைத் திறந்து திறந்து மூடாமல், சின்னப் பாட்டிலில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் ஊற்றி, மாலையில் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள்.

சாயம் சரியா என்று தெரிய, முதலில் நோயில்லாத செல்லைப் பாருங்கள். சிவப்பணு ஆரஞ்சு கலந்த இளஞ்சிவப்பு, கரு ஊதா, ஈசினோபிலின் துகள் செம்மை. இந்த மூன்றும் சரியாக வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. வராவிட்டால் மிச்சம் வைத்த இரண்டாவது ஸ்லைடு அதற்குத்தான்.

பார்க்கும் வரிசை

10 எக்ஸ் லென்ஸில் ஆரம்பித்து, முதலில் இறகு ஓரத்துக்குப் போங்கள். பலர் இதைத் தாண்டி நேரே 100 எக்ஸ் ஆயில் லென்ஸுக்குப் போய்விடுகிறார்கள். பெரிய செல், பிளாஸ்ட் என்ற முதிராச் செல், மாஸ்ட் செல், பிளேட்லெட் கட்டி, மைக்ரோபைலேரியா என்ற புழுக்குஞ்சு எல்லாம் தள்ளுகிற வேகத்தில் அந்த ஓரத்தில்தான் போய்ச் சேரும். பிளேட்லெட் கட்டியாகச் சேர்ந்திருந்தால் மெஷின் சொன்ன பிளேட்லெட் எண்ணிக்கை செல்லாது.

அடுத்து 40 எக்ஸ். சிவப்பணுக்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல், சிலது தொட்டும் சிலது தொடாமலும் பரவியிருக்கும் இடத்தில் 10 புலங்களில் (லென்ஸில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம் ஒரு புலம்) வெள்ளையணுவை எண்ணி, சராசரியை 1,600 ஆல் பெருக்குங்கள். ஒரு மைக்ரோலிட்டருக்கான தோராயம் கிடைக்கும். சராசரி 15 என்றால் 24,000. ஐபீஸின் அகலத்துக்கு ஏற்ப இந்தப் பெருக்கல் எண் மாறும் என்பதால், கையால் எண்ணிய 10, 15 மாதிரிகளோடு ஒப்பிட்டு உங்கள் மைக்ராஸ்கோப்புக்கான எண்ணைக் கண்டுவையுங்கள். மெஷின் எண்ணும் இதுவும் எட்டாமல் நின்றால் மெஷினைத்தான் சந்தேகப்பட வேண்டும், முக்கியமாக மனிதர்களுக்கான மெஷினில் ஆட்டு ரத்தம் போட்டிருந்தால். ஆட்டின் சிவப்பணு அவ்வளவு சிறிது. அதைப் பிளேட்லெட் கணக்கில் சேர்த்துவிடும்.

100 எக்ஸ் ஆயிலில் 100 வெள்ளையணு எண்ணுங்கள். மொத்தம் 30,000 தாண்டினால் 200. ஓரத்திலேயே நின்றால் நியூட்ரோபிலும் மோனோசைட்டும் கூடும், நடுவிலேயே நின்றால் லிம்போசைட் கூடும். அதனால் கோட்டை மதில்போல உள்ளே போய், பக்கவாட்டில் நகர்ந்து, வெளியே வந்து எண்ண வேண்டும். கருவுள்ள சிவப்பணுவைத் தனியாகக் குறியுங்கள். 100 வெள்ளையணுவுக்கு 5க்கு மேல் இருந்தால் மொத்த எண்ணிக்கையைத் திருத்த வேண்டும்: மொத்தத்தை 100 ஆல் பெருக்கி, 100 கூட்டல் அந்த எண்ணால் வகுக்கவும். 24,000 இருந்து, 20 கருவுள்ள சிவப்பணு இருந்தால், உண்மையான எண்ணிக்கை 20,000.

100 செல்லில் 1 பேண்ட் (முழுதாக முதிராத நியூட்ரோபில்) என்றால் உண்மையில் அது 0 முதல் 5 சதவீதம் வரை எங்கேயும் இருக்கலாம். 10 என்றால் 5 முதல் 18 வரை. இன்று 10, நாளை 14 என்று வந்தால் 'கூடிவிட்டது' என்று மருத்துவரை அலைக்கழிக்காதீர்கள்.

அளவுகோல் விலங்குக்கு விலங்கு மாறும்

மனித ரத்தம் பார்த்துப் பழகியவர்கள் ஆட்டு ஸ்லைடில் தடுமாறுவது இங்கேதான். சிவப்பணுவை அளவுகோலாக வைத்து 'மூன்று மடங்கு பெரிய செல், அப்படியானால் பிளாஸ்ட்' என்று முடிவு கட்டிவிடுவார்கள். நாயின் சிவப்பணு 7 மைக்ரான். மாட்டுக்கு 5 முதல் 6, செம்மறிக்கு நாலரை, வெள்ளாட்டுக்கு 3 முதல் 4. கொடியாட்டு ஸ்லைடில் சாதாரண லிம்போசைட்டே சிவப்பணுவுக்குப் பக்கத்தில் யானைபோல நிற்கும். எந்த விலங்கானாலும் அதே ஸ்லைடில் உள்ள முதிர்ந்த நியூட்ரோபிலை அளவுகோலாக வையுங்கள். அதைவிடப் பெரிய லிம்போசைட் வகைச் செல் என்றால்தான் நின்று பார்க்க வேண்டும்.

மாடும் ஆடும் இயல்பிலேயே லிம்போசைட் மிகுந்தவை. வளர்ந்த மாட்டில் நியூட்ரோபில் ஒன்றுக்கு லிம்போசைட் இரண்டு. நாயில் இது தலைகீழ். நலமான மாட்டில் பெரிய லிம்போசைட்டும் துகளுள்ள லிம்போசைட்டும் சகஜம். கருவுக்குள் வளையம்போல நியூக்ளியோலஸ் தெரிவதுகூட உண்டு. இதைப் பார்த்து ரத்தப் புற்று என்று பயப்பட வேண்டாம்.

ஒரு மைக்ரோலிட்டரில் மொத்த வெள்ளையணுவுக்கு ஏற்கத்தக்க வரம்பு: நாய் 6,000 முதல் 17,000, பூனை 5,500 முதல் 19,500, மாடும் செம்மறியும் 4,000 முதல் 12,000, வெள்ளாடு 4,000 முதல் 13,000, குதிரை 5,500 முதல் 12,500.

பேண்டும் டாக்ஸிக் மாற்றமும்

பேண்ட் நியூட்ரோபிலின் கரு இரு பக்கமும் சமமாக ஓடும் லாடம்போல இருக்கும். எங்கும் நன்றாக இடுங்காது. ஓரிடத்தில் மெல்லிய கழுத்துபோல இடுங்கிவிட்டால் அதை முதிர்ந்த செல்லில் சேருங்கள். இரண்டில் எது என்று உறுதியில்லாவிட்டால் எப்போதும் முதிர்ந்ததில். ஆளுக்கு ஆள் மாறாமல் இருக்க லேபில் எல்லோரும் ஒரே வழக்கத்தைப் பின்பற்றுவதுதான் முக்கியம். மோனோசைட்டோடும் குழப்பம் வரும்: மோனோசைட்டின் குரோமாட்டின் (கருவுக்குள் சாயம் பிடிக்கும் பொருள்) சல்லடைபோலத் தளர்ந்து, சைட்டோபிளாசம் சாம்பல் நீலமாக, நிறைய இருக்கும், பேண்டின் குரோமாட்டின் கட்டிகட்டியாக இருக்கும்.

நாயில் பேண்ட் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300 வரை இருக்கலாம், மாட்டில் 120 வரை. அதைத் தாண்டினால் இடப்பக்க நகர்வு, அதாவது முதிராத நியூட்ரோபில் ரத்தத்தில் கூடுவது. மொத்த நியூட்ரோபிலும் கூடி பேண்டும் கூடினால் எலும்பு மஜ்ஜை ஈடுகொடுக்கிறது என்று அர்த்தம். நியூட்ரோபில் இயல்பாகவோ குறைவாகவோ இருந்து பேண்ட் மட்டும் கூடினாலோ, முதிர்ந்ததைவிடப் பேண்ட் அதிகமானாலோ நிலைமை மோசம். இதைப் போனில் சொல்ல வேண்டும். மாட்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு. மடிவீக்கத்திலும், ஆணி கம்பி தின்று வயிற்றில் குத்திய மாட்டிலும், முதல் 24 முதல் 48 மணி நேரத்தில் நியூட்ரோபில் குறைந்து பேண்ட் கூடுவது சாதாரணம், மாட்டு மஜ்ஜையில் சேமிப்பு குறைவு. நான்காம் நாளும் அப்படியே இருந்தால்தான் கவலை. கருப்பையில் சீழ் கட்டிய பெட்டை நாயில் 50,000 தாண்டுவதும் உண்டு. எண்ணிக்கையை மட்டும் பார்த்து ரத்தப் புற்று என்று எழுதிவிடாதீர்கள்.

டாக்ஸிக் மாற்றம் என்பது மஜ்ஜையில் அவசர அவசரமாகச் செய்து அனுப்பப்பட்ட நியூட்ரோபிலின் அடையாளம். நான்கைத் தேடுங்கள்: சைட்டோபிளாசத்தில் நீலம், நீலச்சாம்பல் திட்டுகளான டோலே உருண்டைகள், நுரைபோன்ற குமிழ், சிவந்த ஊதாத் துகள். குமிழ் மட்டும் இருந்து நீலம் இல்லையென்றால் பழைய ரத்தம் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். பூனையில் சில டோலே உருண்டைகள் நலமான நேரத்திலும் இருக்கும். அளவை இரண்டு பகுதியாக எழுதுங்கள்: எத்தனை நியூட்ரோபிலில், எவ்வளவு தீவிரமாக. 'சில' என்றால் 5 முதல் 10 சதவீதம், 'மிதம்' 11 முதல் 30, 'பல' 30க்கு மேல். தீவிரம் 1+ முதல் 3+. இந்த வரம்பை அச்சடித்து மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தால் ஆளுக்கொரு பேச்சு வராது.

நாய் நலமாக ஓடியாடிக்கொண்டிருக்க, எல்லா நியூட்ரோபிலும் பேண்ட்போலத் தெரிகிறது, ஆனால் குரோமாட்டின் முதிர்ந்து கட்டியாக இருக்கிறது, டாக்ஸிக் மாற்றம் இல்லை என்றால் பெல்ஜர் ஹியூட் என்ற பிறவிக் குணமாக இருக்கலாம். அதையும் குறிப்பாக எழுதுங்கள், இல்லையென்றால் வருஷா வருஷம் ஒவ்வொரு லேபும் அந்த நாய்க்கு ஆன்டிபயாடிக் வாங்கித் தரும்.

ஸ்டீராய்டு ஊசி போட்ட பிறகு எடுத்த ரத்தமா என்று கோரிக்கைச் சீட்டிலேயே கேளுங்கள். நியூட்ரோபில் கூடி, லிம்போசைட்டும் ஈசினோபிலும் குறைந்து, நாயில் மோனோசைட் கூடி, பேண்ட் மட்டும் கூடாமல் இருந்தால் அது ஸ்டீராய்டின் அல்லது உடல் நெருக்கடியின் முகம்.

தூண்டப்பட்ட லிம்போசைட்டா, பிளாஸ்ட்டா?

தூண்டப்பட்ட லிம்போசைட்டின் சைட்டோபிளாசம் அடர்ந்த நீலம், கருவை ஒட்டி ஒரு வெளிறிய பகுதி, குரோமாட்டின் கட்டிகட்டியாக. தடுப்பூசி போட்ட குட்டியிலும், உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயிலும் இது இருக்கும். பிளாஸ்ட்டில் குரோமாட்டின் மெல்லிய மணல் தூவியதுபோல இருக்கும். உள்ளே தெளிவான நியூக்ளியோலஸ், ஒன்றோ பலவோ. கருவே நியூட்ரோபிலைவிடப் பெரிதாக. உடைந்து நசுங்கிய செல்லில் கரு விரிந்து நியூக்ளியோலஸ் பளிச்சென்று தெரியும். முழுமையாக இல்லாத செல்லில் நியூக்ளியோலஸ் தேடவே கூடாது. நசுங்கிய செல் நிறைய இருந்தால் அதையே ஒரு கண்டுபிடிப்பாக எழுதுங்கள். தள்ளியவர் அழுத்தியிருக்கலாம், செல்லே பலவீனமாகவும் இருக்கலாம். இரண்டாவது ஸ்லைடு அதைத் தீர்த்துவைக்கும்.

உண்ணிக் காய்ச்சல் நீண்டுபோன நாய்களில், முக்கியமாக எர்லிக்கியா கேனிஸ் என்ற பாக்டீரியாவால் வருவதில், துகளுள்ள லிம்போசைட் வெகுவாகக் கூடும். ரத்தப் புற்றென்று தோற்றும். உண்ணி ஆண்டு முழுக்க ஒழியாத கடற்கரைக் குப்பங்களில், நாயின் லிம்போசைட் கூடுதலைப் பார்த்ததும் உண்ணி நோய்ப் பரிசோதனை செய்யச் சொல்லி எழுதுவது நல்ல பழக்கம்.

கிரேஹவுண்ட் வகை வேட்டை நாய்களில் ஈசினோபிலின் துகள் சாயம் பிடிக்காமல் வெற்றுக் குமிழாகத் தெரிவதுண்டு. டாக்ஸிக் நியூட்ரோபில் என்று எண்ணிவிடுவார்கள். சிப்பிப்பாறை, கன்னி நாய்களின் ஸ்லைடில் குமிழ் செல் கண்டாலும் ஒரு கணம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். பூனையின் ஈசினோபில் துகள் குச்சிபோல, நாயினது அளவு மாறிமாறி உருண்டையாக, குதிரையினது பழக்கொத்துபோலப் பெரிதாக.

வெள்ளையணுவுக்குள் குடியிருப்பவை

இந்தக் கரையில் வெள்ளையணு பார்ப்பதில் பாதி வேலை அதற்குள் இருப்பதைப் பார்ப்பது.

நாயில் ஹெப்பட்டோசூன் கேனிஸ் என்ற ஒட்டுண்ணி: நியூட்ரோபிலுக்குள், சிலவேளை மோனோசைட்டுக்குள், ஏறக்குறைய 11க்கு 4 மைக்ரானில் நீள்வட்ட மாத்திரைபோல, வெளிறிய நீலத்தில் இருக்கும், செல்லின் கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். நாய்க்கு இது உண்ணி கடித்து வருவதில்லை, உண்ணியைத் தின்று வருகிறது. எத்தனை சதவீத நியூட்ரோபிலில் என்று எழுதுங்கள். சிகிச்சைக்குப் பிறகு ஒப்பிட அதுதான் உதவும்.

எர்லிக்கியாவின் மோருலா (பாக்டீரியாக் கூட்டம்) மோனோசைட்டுக்குள் முசுக்கட்டைப் பழம்போல் கொத்தாக இருக்கும், ஆனால் சாதாரண ஸ்லைடில் அகப்படுவது அபூர்வம். நுண்குழாயில் சுழற்றி, சிவப்பணுவுக்கும் பிளாஸ்மாவுக்கும் நடுவில் சேரும் வெள்ளைப் படலத்தில் ஸ்லைடு போட்டால் வாய்ப்பு கூடும். 'மோருலா காணப்படவில்லை' என்று எழுதலாம். 'எர்லிக்கியா இல்லை' என்று எழுதக் கூடாது. செல்லின் மேல் ஒட்டிய பிளேட்லெட்டும் சாயத் துகளும் மோருலாபோல ஏமாற்றும். ஃபோகஸைத் திருப்பும்போது செல்லோடு ஒரே தளத்தில் நின்றால் உள்ளே, தனியாக மேலே மிதந்து மின்னினால் வெளியே.

டிஸ்டெம்பர் கண்ட நாய்க்குட்டியில் ஆரம்ப நாட்களில் லிம்போசைட்டிலும் நியூட்ரோபிலிலும் சிவப்பணுவிலும் வழுவழுப்பான, ஒரே நிறமான உருண்டை தென்படலாம். தென்படாததால் நோய் இல்லை என்றாகாது.

ஜெர்சி, எச்எஃப் கலப்பின மாட்டில் காய்ச்சலும் தோள்பக்கக் கட்டி வீக்கமும் இருந்தால் லிம்போசைட்டுக்குள் தைலீரியா அன்யுலேட்டா என்ற ஒட்டுண்ணியின் காக் நீல உருண்டைகளைத் தேடுங்கள். நீலச் சைட்டோபிளாசத்தில் செவ்வூதாப் புள்ளிகள் சிதறியிருக்கும். ரத்தத்தைவிட வீங்கிய நிணநீர்க் கட்டியில் ஊசி போட்டு எடுத்த ஸ்லைடில் இது சுலபமாகக் கிடைக்கும் என்பதால், மருத்துவரிடம் அதையும் கேட்டு வாங்குங்கள்.

கோழி, வாத்து ஸ்லைடில் சிவப்பணுவுக்கே கரு உண்டு, நியூட்ரோபிலின் இடத்தில் செந்துகள் நிறைந்த ஹெட்டரோபில் இருக்கும். கருவுள்ள த்ராம்போசைட்டை லிம்போசைட் என்று எண்ணிவிடுவதுதான் பெரிய பிழை; த்ராம்போசைட்டின் சைட்டோபிளாசம் நிறமற்றது, கொத்தாகச் சேரும்.

செத்த மாட்டு ரத்தம் வந்தால்

திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிந்த மாடோ ஆடோ என்றால் அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ், என்று வைத்துக்கொண்டே கையாள வேண்டும். உடலை அறுக்கக் கூடாது. காதோர நாளத்திலிருந்து மருத்துவர் எடுத்த ஒரு சொட்டு போதும். அந்த ஸ்லைடு மற்ற மாதிரிகளோடு மேசையில் கிடக்கக் கூடாது. பாலிக்ரோம் மெத்திலீன் புளூ சாயத்தில், சதுர முனைக் கோல்கள் சிறு சங்கிலியாக, சுற்றிலும் இளஞ்சிவப்பு உறையோடு தெரிந்தால் வெள்ளையணு எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. 2009ஆம் ஆண்டின் விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்படி இது அறிவிக்க வேண்டிய நோய். உடனே கால்நடை மருத்துவருக்கும், அவர் வழியாகத் துறைக்கும். மருத்துவர் கிடைக்காத நேரத்தில் 1962 என்ற கால்நடை உதவி எண்.

அறிக்கை எழுதுவது

சதவீதத்தை மட்டும் எழுதி அனுப்பும் அறிக்கை பாதி அறிக்கை. மொத்த எண்ணிக்கையோடு பெருக்கி, மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று ஒவ்வொன்றுக்கும் எழுதுங்கள். பெயர் வைக்கத் தெரியாத செல்லை அருகில் உள்ள பெயரில் அடைக்காமல், 'வகைப்படுத்தாதவை' என்று தனி வரியில் எண்ணி, அளவு, கரு, குரோமாட்டின், நியூக்ளியோலஸ், சைட்டோபிளாசம் என்ற வரிசையில் வர்ணியுங்கள். நோயின் பெயரை முடிவு செய்வது மருத்துவரின் வேலை. ஒட்டுண்ணியைக் கண்ணால் பார்த்திருந்தால் மட்டும் பெயரைச் சொல்லலாம்.

ஒரு நாயின் அறிக்கை இப்படி இருக்கலாம்:

நாட்டு நாய், பெட்டை, 6 வயது. ஈடிடிஏ ரத்தம், எடுத்தது காலை 8.30, ஸ்லைடு காலை 9.00, லீஷ்மன். ஸ்டீராய்டு தரப்படவில்லை.
மொத்த வெள்ளையணு 28,000. ஸ்லைடு தோராயம் ஒத்துப்போகிறது. கருவுள்ள சிவப்பணு 0.
முதிர்ந்த நியூட்ரோபில் 70 சதவீதம், 19,600. பேண்ட் 14, 3,920. லிம்போசைட் 6, 1,680. மோனோசைட் 9, 2,520. ஈசினோபில் 1, 280.
நியூட்ரோபிலில் டாக்ஸிக் மாற்றம்: பல செல்களில், 2+, நீலச் சைட்டோபிளாசம், டோலே உருண்டைகள்.
பிளேட்லெட் போதுமான அளவு, இறகு ஓரத்தில் கட்டி இல்லை. ரத்த ஒட்டுண்ணி 100 ஆயில் புலங்களில் காணப்படவில்லை.
கருத்து: இடப்பக்க நகர்வுடன் நியூட்ரோபில் கூடுதல், டாக்ஸிக் மாற்றத்துடன். தீவிர அழற்சியோடு பொருந்துகிறது.

'100 புலங்களில்' என்ற சொல்லை விடாதீர்கள். 20 புலம் பார்த்து இல்லை என்பதும் 100 புலம் பார்த்து இல்லை என்பதும் ஒன்றல்ல. மாதிரியில் குறை இருந்தால், பழையது, உறைந்தது, ஸ்லைடு ஈரத்தில் காய்ந்தது என்று முதல் வரியிலேயே எழுதுங்கள். எழுதுவதால் லேபுக்குக் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

காகிதம் போய்ச்சேரும் வரை காத்திருக்கக் கூடாதவை: பிளாஸ்ட் என்று சந்தேகிக்கும் செல், முதிர்ந்ததைவிட மிகுந்த பேண்ட், நாயில் 1,000க்குக் கீழே போன நியூட்ரோபில், எந்த ரத்த ஒட்டுண்ணியும், வெள்ளையணுவுக்குள் பாக்டீரியாவும். போனில் சொன்ன நேரத்தையும் யாரிடம் சொன்னோம் என்பதையும் பதிவேட்டில் எழுதிவையுங்கள்.

சந்தேகமான ஸ்லைடை இன்னொருவர் பார்க்கட்டும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி திருநெல்வேலியிலும் உண்டு, சென்னை வேப்பேரியிலும் உண்டு. அனுப்பும்போது சாயம் போட்டது ஒன்று, மெத்தனாலில் நிலைப்படுத்திச் சாயம் போடாதது இரண்டு, எண்ணிக்கைத் தாளின் நகல். சாயம் போட்டதில் ஆயிலைத் துடைத்துவிட்டு, விநோதச் செல் இருக்கும் இடத்தைக் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் வட்டமிடுங்கள். விலங்கின் எண்ணை ஸ்லைடின் சொரசொரப்பான முனையில் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை மெத்தனாலில் கரைந்துவிடும்.